லண்டன் வெயிலை நம்பலாமா?

கேள்வி: மதுரையிலிருந்து லண்டன் வந்து ஒரு வருடம் ஆகிறது. ஈஸ்ட் ஹாமில் வீடு, வீட்டிலிருந்தே வேலை. இப்போது நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. எந்நேரமும் அசதி, அடிக்கடி சளி. இங்கே எல்லாரும் வைட்டமின் டி எடுக்கச் சொல்கிறார்கள். கணவரோ, ‘ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார், அது போதும்’ என்கிறார். போன மாதம் வந்திருந்த அம்மா, தனக்கு எழுதிக்கொடுத்த 60,000 யூனிட் மாத்திரையில் இரண்டு அட்டையை எனக்காக வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இன்னொரு குழப்பமும் உண்டு. ஊரில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 24, பற்றாக்குறை என்று வந்தது. அசதிக்காக இங்கே ஜிபி (குடும்ப மருத்துவர்) எடுத்ததில் 60, போதுமானது என்கிறார்கள். லண்டன் வந்து ஏறிவிட்டதா? ஏழு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கிறேன். எதை, எவ்வளவு, எத்தனை நாள் எடுப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, லண்டன்

பதில்: சகோதரி, முதலில் அம்மாவின் அந்த இரண்டு அட்டையை உங்கள் மாத்திரைகளோடு கலந்துவிடாமல் தனியாக எடுத்து வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

உங்கள் கணவரின் ஜன்னல் யோசனையைச் சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழி இருக்கிறது. வெயில் அடிக்கிற ஒரு நாள் நண்பகலில் வாசலில் நின்று உங்கள் நிழலைப் பாருங்கள். மதுரையில் டிசம்பர் மாதத்து உச்சிவேளையில்கூட நிழல் நம்மைவிடக் குட்டையாகத்தான் விழும். லண்டனில் டிசம்பர் 21 அன்று சூரியன் அடிவானத்திலிருந்து ஏறுவதே ஏறத்தாழ 15 டிகிரிதான். ஐந்தடி ஆளின் நிழல் பதினெட்டு அடியைத் தாண்டும். அவ்வளவு சாய்வாக வரும் வெயில் காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் பயணம் செய்து வரவேண்டும். தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதா பி கதிர் வழியிலேயே வடிகட்டப்பட்டுவிடும். வெளிச்சம் வந்து சேரும், வேலை செய்கிற கதிர் வராது. லண்டனைவிடத் தெற்கே இருக்கும் அமெரிக்காவின் பாஸ்டனிலேயே, நவம்பர் முதல் பிப்ரவரி வரை தோலில் வைட்டமின் டி உருவாகவில்லை என்று 1988ல் சோதனை செய்து காட்டிவிட்டார்கள். போதாக்குறைக்கு ஜன்னல் கண்ணாடியும் அந்தக் கதிரைத் தடுத்துவிடும். ஜூன் மாதத்தில்கூட மூடிய ஜன்னலோரம் உட்கார்ந்து பயனில்லை. மனசுக்கு இதமாக இருக்கும், அதற்காக உட்காருங்கள்.

நம் தோல் நிறமும் சேர்ந்துகொள்கிறது. மெலனின் அதிகம் உள்ள தோலுக்கு அதே அளவு வைட்டமின் டி செய்ய இன்னும் அதிக வெயில் வேண்டும். 1960களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் குடியேறிய பாகிஸ்தானியக் குடும்பங்களில் பிள்ளைகளுக்குக் கால் வளைகிற ரிக்கெட்ஸ் நோயும் பெரியவர்களுக்கு எலும்பு மென்மையாகிற நோயும் வருவதை அங்குள்ள மருத்துவர்கள் கண்டார்கள். அதனால்தான் பிரிட்டன் அரசின் ஆலோசனை எல்லாருக்கும் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் தினம் 10 மைக்ரோகிராம் என்றாலும், தெற்காசிய, ஆப்பிரிக்க வம்சாவளியினர் வருடம் முழுக்க எடுப்பது நல்லது என்கிறது. நீங்கள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர் வேறு. மார்ச் வந்ததும் நிறுத்த வேண்டாம், தொடருங்கள்.

10 மைக்ரோகிராம் என்பது 400 யூனிட். கடையில் டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் ஒன்றில் மைக்ரோகிராம் என்றும் இன்னொன்றில் ஐயு (IU, அதாவது யூனிட்) என்றும் இருக்கும். ஒரு மைக்ரோகிராமுக்கு 40 ஐயு என்று நினைவில் வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை. 1,000 யூனிட்தான் கிடைக்கிறது என்றால் அதையே எடுக்கலாம், தப்பில்லை. மருத்துவர் சொல்லாமல் பெரியவர்கள் தினம் 4,000 யூனிட்டைத் தாண்டக் கூடாது. கொழுப்பில் கரைகிற சத்து என்பதால் வெறும் வயிற்றில் காபியோடு விழுங்காமல் மதியச் சாப்பாட்டோடு போட்டுக்கொள்ளுங்கள். மீன் சாப்பிடுபவர் என்றால் மத்தி, கானாங்கெளுத்தி, சால்மன் மூன்றிலும் இந்தச் சத்து உண்டு. சைவம் என்றால் டப்பாவில் இன்னொரு வரியையும் படியுங்கள். மென்மையான உருண்டைக் கேப்ஸ்யூல்கள் பலவற்றின் உறை மாட்டு ஜெலட்டின். உள்ளே இருக்கும் டி3 என்கிற வைட்டமின் டி வகையும் பெரும்பாலும் ஆட்டு ரோமத்தின் கொழுப்பிலிருந்து எடுப்பது. அதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் லைக்கனிலிருந்து எடுத்த டி3 கிடைக்கிறது.

இப்போது 24, 60 கதைக்கு வருகிறேன். ஏறவே இல்லை, சகோதரி! இந்தியாவில் மில்லிலிட்டருக்கு நானோகிராம் கணக்கு, பிரிட்டனில் லிட்டருக்கு நானோமோல் கணக்கு. 24ஐ இரண்டரையால் பெருக்கிப் பாருங்கள், 60 வந்துவிடும். மாறியது அளவுகோல்தான். நம் ஊர் ஆய்வகங்கள் பல 30க்குக் கீழே போனாலே பற்றாக்குறை என்று அச்சடித்துவிடும். பிரிட்டனில் 50 நானோமோலுக்கு மேல், அதாவது நம் கணக்கில் 20க்கு மேல் இருந்தால் போதுமானது என்கிறார்கள். எனக்கும் பிரிட்டன் கணக்கே சரியென்று படுகிறது. ஒரு வரி அச்சுக்காக மக்கள் பயந்துபோய் மாத்திரை விழுங்குவதை நிறையப் பார்த்துவிட்டேன்.

அளவு 60 என்றால் உங்கள் அசதிக்கு வைட்டமின் டி காரணம் இல்லை. ஏழு மாதக் குழந்தை, விட்டுவிட்டுத் தூக்கம், பக்கத்தில் அம்மா இல்லை. இதில் அசதி வராவிட்டால்தான் ஆச்சரியம். ஆனாலும் அதோடு விட்டுவிட வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு இரும்புச்சத்து குறைவதும் தைராய்டு தடுமாறுவதும் சகஜம். அவற்றையும் பார்த்தார்களா என்று ஜிபியிடம் கேளுங்கள், சைவம் என்றால் பி12ஐயும் சேர்த்து.

சளிக்கும் இது பெரிய கவசம் ஒன்றும் இல்லை. 2017ல் பல ஆய்வுகளைச் சேர்த்து அலசியபோது தினமோ வாரமோ எடுத்தவர்களுக்கு, குறிப்பாக மிகவும் பற்றாக்குறையாக இருந்தவர்களுக்கு, ஓரளவு பலன் தெரிந்தது. பிறகு வந்த ஆய்வுகள் அந்த நம்பிக்கையைக் குறைத்துவிட்டன. அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நடந்த ஆய்வில் தினம் 2,000 யூனிட் எடுத்தும் புற்றுநோயோ மாரடைப்போ குறையவில்லை. பற்றாக்குறை இல்லாதவர்களே அதில் அதிகம் என்பதையும் சொல்லவேண்டும். எலும்பும் தசையும் நலிந்துபோகாமல் இருக்கத்தான் இந்த மாத்திரை. பற்றாக்குறை முற்றியவர்களை நாற்காலியிலிருந்து எழும்போதே கண்டுபிடித்துவிடலாம். இரண்டு கையையும் தொடையில் ஊன்றித்தான் எழுவார்கள், மாடிப்படியைப் பார்த்தாலே தயங்குவார்கள்.

குழந்தைக்குத் தனியாகச் சொட்டு மருந்து வேண்டும். உங்கள் பாலில் போகும் வைட்டமின் டி அதற்குப் போதாது. ஒரு வயது வரை தினம் 8.5 முதல் 10 மைக்ரோகிராம். பவுடர் பால் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் குடித்தால் தேவையில்லை, அதிலேயே சேர்த்திருப்பார்கள். ஒரு கம்பெனி பாட்டிலில் ஒரே சொட்டில் ஒரு நாள் அளவு இருக்கும், இன்னொன்றில் பல சொட்டு விடவேண்டியிருக்கும். பாட்டில் மாற்றினால் அதன் லேபிளை மறுபடி படியுங்கள். ஒன்றின் டிராப்பரை இன்னொன்றுக்குப் போடாதீர்கள்.

சரி, அம்மாவின் மாத்திரை. 60,000 யூனிட் என்பது நீங்கள் எடுக்கவேண்டிய 150 நாள் அளவு, ஒரே உருண்டையில். கடும் பற்றாக்குறை உள்ளவர்களுக்கு வாரம் ஒன்று வீதம், பெரும்பாலும் எட்டு வாரம் என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பது அது. வாரத்துக்கு ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று புரிந்துகொண்டவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறிவிடும். தீராத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், முற்றினால் மனக்குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு. உடம்புக் கொழுப்பில் தங்கிவிடுவதால் நிறுத்திய பிறகும் இறங்க வாரங்கள், மாதங்கள் ஆகும். உங்களுக்கு அது தேவையே இல்லை. பக்கத்து பார்மசியில் கொடுத்தால் வாங்கி அழித்துவிடுவார்கள்.

அப்புறம், ஒரு விஷயம் உறுத்துகிறது. மகளுக்கு இரண்டு அட்டை எடுத்துவைக்கிற அளவுக்கு அம்மாவிடம் மிச்சம் இருந்திருக்கிறது. ஒரே சீட்டைக் காட்டிக் காட்டிக் கடையில் வாங்கிக்கொண்டே இருக்கிறாரோ என்னவோ. எட்டு வாரம் முடிந்ததா, யார் தொடரச் சொன்னது, கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தார்கள் என்று இன்றைக்கு போனில் பேசும்போது கேட்டுவிடுங்கள்.