தருமாவுக்கு எந்தக் கண்ணை முதலில் எழுதுவது?

கேள்வி: போன வருடம் ஜப்பான் போனபோது ஒரு கோயிலில் கண்ணே இல்லாத சிவப்பு தருமா பொம்மையும், பட்டுத்துணியில் தைத்த ஒமாமோரி என்ற தாயத்துப் பையும் வாங்கி வந்தோம். பொம்மைக்கு இரண்டு கண்ணையும் வரைந்துவிடலாம் என்கிறான் மகன். வரையலாமா? பையைப் பிரித்துப் பார்க்கலாமா, பழசானால் என்ன செய்வது?

பதில்: தயவுசெய்து இரண்டையும் ஒன்றாக எழுதிவிடாதீர்கள். ஒரு வேண்டுதலை மனதில் நினைத்துக்கொண்டு முதலில் பொம்மையின் இடக்கண்ணை மட்டும் எழுத வேண்டும், அதாவது எதிரே உட்கார்ந்து பார்க்கும் உங்களுக்கு வலப்பக்கம் இருப்பது. காரியம் கைகூடியதும் மற்ற கண். அதுவரை ஒற்றைக் கண்ணோடு அது உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கும், அதனால் தினமும் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள்.

பொம்மையை ஒருமுறை சாய்த்துவிட்டுப் பாருங்கள், தானாக எழுந்து நிற்கும். அடிப்பாகம் கனம், மேலே வெறும் காகிதக்கூழ். ஏழு முறை விழுந்தாலும் எட்டாவது முறை எழு என்று அங்கே ஒரு சொலவடை உண்டு, அதற்கு இந்தப் பொம்மையைத்தான் காட்டுவார்கள். புருவம் கொக்கு மாதிரியும் தாடி ஆமை மாதிரியும் வரைந்திருக்கும். இரண்டுமே நீண்ட ஆயுளுக்கு அடையாளம். கை கால் இல்லாததற்கும் ஒரு கதை: ஒன்பது வருடம் சுவரைப் பார்த்துத் தியானத்தில் உட்கார்ந்ததில் போதிதருமருக்குக் கை கால்கள் சூம்பிப் போயினவாம். ஆமாம், காஞ்சிபுரத்திலிருந்து போனவர் என்று நம் பக்கம் சொல்கிறோமே, அவரேதான் இந்த தருமா.

கண் எழுதினால் உயிர் வரும் என்பது சிற்பியை வைத்துச் சாமிக்குக் கண் திறக்கும் நமக்குப் புதிதில்லை. 752-இல் ஜப்பானின் நாரா நகரில் தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தருக்குக் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. அவர் பிடித்த தூரிகையில் நீளமான கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள், எல்லாருக்கும் அந்தப் புண்ணியத்தில் பங்கு வேண்டும் என்று. அந்தத் தூரிகையை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த சடங்கு இது.

சரி, தாயத்துக்கு வருவோம். பிரிக்கவே கூடாது. உள்ளே மந்திரமோ தெய்வத்தின் பெயரோ எழுதிய காகிதம் அல்லது மெல்லிய மரத்துண்டு இருக்கும், பிரித்தால் அதன் சக்தி போய்விடும் என்பது நம்பிக்கை. பொதுவாக ஒரு வருடம்தான் அதற்குக் கணக்கு. அப்புறம் வாங்கிய கோயிலிலேயே திருப்பிக் கொடுத்தால் பூஜை செய்து எரித்துவிடுவார்கள். தருமாவையும் அப்படித்தான் திருப்பிக் கொடுப்பார்கள். ஒசாகா பக்கம் கட்சுவோஜி கோயிலில் கண் எழுதி முடித்த தருமாக்கள் அடுக்கடுக்காக இருக்கும்.

அவ்வளவு தூரம் எப்படிப் போவது என்றால், தபாலில் வாங்கிக்கொள்ளும் கோயில்களும் உண்டு, கேட்டுவிட்டு அனுப்புங்கள். முடியாவிட்டால் வெள்ளைக் காகிதத்தில் வைத்து, கொஞ்சம் உப்புத் தூவி, மடித்துத் தனியாக அப்புறப்படுத்துவது ஜப்பானியர்களே வீட்டில் செய்வதுதான். நினைவாக வீட்டிலேயே வைத்துக்கொண்டாலும் குற்றமில்லை, பயப்படாதீர்கள். பையின் பின்பக்கம் பெரும்பாலும் கோயில் பெயர் தைத்திருக்கும். அதை இப்போதே ஒரு படம் எடுத்து வையுங்கள், நூல் நைந்துபோனால் எந்தக் கோயில் என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.