அம்மா தூக்க மாத்திரை கேட்கிறார்: கொடுக்கலாமா?

கேள்வி: அப்பா காலமானபின், 74 வயதான என் அம்மாவைக் கும்பகோணத்திலிருந்து சென்னைக்கு அழைத்து வந்துவிட்டேன். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் பல ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறார். அவரை ஒரு வேலையும் செய்ய விடாமல்தான் பார்த்துக்கொள்கிறோம். ஆனாலும் சில மாதங்களாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, யாருடனும் பேசுவதில்லை, மறதி கூடிவிட்டது. உறக்கம் வரவில்லை என்று தூக்க மாத்திரை கேட்கிறார். வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: மருத்துவர் பார்க்காமல் கொடுக்க வேண்டாம். முதியவர்களின் உடலில் பல தூக்க மாத்திரைகளின் மயக்கம் மறுநாள் காலை வரையிலும் நீடிக்கும் என்பதால், இரவில் கழிவறைக்குச் செல்ல எழும்போது விழுந்து இடுப்பெலும்பு முறியவும், இருக்கிற மறதி மேலும் மோசமாகவும் அவை காரணமாகலாம்.

நீங்கள் சொல்லும் குறைகளைச் சேர்த்துப் பார்க்கையில் மனச்சோர்வு நோயோ என்ற ஐயமே முதலில் எழுகிறது. முதுமையில் இந்நோய் அழுகையாக வெளிப்படாமல், பசியின்மை, உடல்வலி, விடியுமுன்பே விழிப்பு, மறதி என்றே பெரும்பாலும் தலைகாட்டுவதால், வயதானால் இப்படித்தான் என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். சிகிச்சையில் நன்கு குணமடையக்கூடிய ஒரு நோய் இவ்வாறு கவனிக்கப்படாமலேயே போவதுதான் வேதனை. அதே நேரத்தில், உடல் சார்ந்த காரணங்களையும் விலக்கியாக வேண்டும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மினை நெடுங்காலம் எடுத்துக்கொள்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும், சிறுநீரைக் கூட்டும் சில மாத்திரைகளால் இரத்தத்தில் சோடியம் குறைந்து சோர்வும் குழப்பமும் உண்டாகலாம். தைராய்டு குறைபாடும் இதே தோற்றத்தைத் தரும். காது மந்தமாகியிருந்தாலும் பேச்சு குறைந்துவிடும். ஆகவே அம்மா சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு முதியோர் நல மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். 2024-இல் கிண்டியில் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை இதற்கென்றே உள்ள அரசு மருத்துவமனை.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைகொள்ள வைத்தது ‘ஒரு வேலையும் செய்ய விடாமல்’ என்ற சொற்கள்தான். அன்பினால்தான் அப்படிச் செய்கிறீர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் கணவரையும், வாழ்ந்த வீட்டையும், பழகிய தெருவையும், கோயிலையும், திண்ணைப் பேச்சையும் ஒருசேர இழந்து வந்தவரிடமிருந்து, இத்தனை ஆண்டுகள் குடும்பத்தை நடத்திய கைகளுக்கான வேலையையும் வாங்கிவிட்டால், இந்த வீட்டில் தான் ஒரு விருந்தாளி என்றே அவருக்குத் தோன்றும். இன்று என்ன குழம்பு என்பதை அவரே முடிவு செய்யட்டும். உட்கார்ந்தபடி கீரை ஆயட்டும். பால் கணக்கு அவரிடம் இருக்கட்டும். ஓய்வூதியப் பணத்தை என்ன செய்வது என்பதை அவரைக் கேட்டே செய்யுங்கள். வேலை மெதுவாக நடந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். அழுதுவிடுவாரோ என்று அஞ்சி அப்பாவைப் பற்றிய பேச்சையே தவிர்க்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அது துக்கத்தைக் குறைப்பதில்லை, அவரைத் தனிமைப்படுத்தவே செய்கிறது. நீங்களே பேச்சைத் தொடங்குங்கள். கும்பகோணத்து அண்டை வீட்டாரோடு தொலைபேசியில் பேச வழி செய்து, பயணத்தைத் தாங்கும் நிலையில் இருந்தால் ஒருமுறை ஊருக்கும் அழைத்துச் செல்லுங்கள்.

உறக்கத்துக்கு, பகல் தூக்கம் அரை மணி நேரத்தைத் தாண்டாமல் இருப்பதும், காலை வெயிலில் சிறிது நடப்பதும், மாலையில் காபியைத் தவிர்ப்பதும் உதவும். கழிவறைக்குச் செல்லும் வழியில் இரவு விளக்கும், உள்ளே கைப்பிடியும் இருக்கட்டும்.

இரண்டு நிலைகளில் மட்டும் காத்திருக்காதீர்கள். ஓரிரு நாட்களுக்குள் திடீரெனக் குழப்பமாகப் பேசத் தொடங்கினால், சிறுநீர்த் தொற்றோ சோடியம் குறைவோ காரணமாக இருக்கக்கூடும் என்பதால் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ‘நான் இருந்து யாருக்கு என்ன பயன்’ என்பதுபோல் பேசினால் அதை அலுப்பாகக் கொள்ளாமல், அவரைத் தனியே விடாமல் உடனே மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். மனநல ஆலோசனைக்கான 14416 என்ற அரசு இலவச எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.