கேரட் ஜூஸ் குடிச்சா ராத்திரி கண்ணு தெரியுமா?

கேள்வி: எங்க வீட்டுக்காரருக்கு 58 வயசு, சக்கரை இருக்கு. ராத்திரி புக்கிட் மெர்தாஜாம்ல இருந்து வண்டி ஓட்டிட்டு வந்தா எதிர்ல வர்ற லோரி லைட்டு பரவி ரோடே தெரியலங்கிறாரு. மாலைக்கண்ணுன்னு அவரே முடிவு பண்ணி காலைல கேரட் ஜூஸ், ராத்திரி வைட்டமின் ஏ மாத்திரைன்னு மூணு மாசமா ஓடுது. பலன் இருக்குமா?
- ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அக்கா, மொதல்ல அந்த மாத்திரை டப்பாவ பத்திரமா எடுத்து வைங்க, டாக்டர்கிட்ட காட்டணும்.

ராத்திரி பார்வைக்குன்னே விழித்திரைல 12 கோடி கிட்ட செல்லுங்க இருக்கு, அதுக்குள்ள ஆப்சின்னு ஒரு புரோட்டீன், ஆனா அதுக்கு தனியா வெளிச்சம் தெரியாது. வைட்டமின் ஏல இருந்து வர்ற ரெட்டினால், வளைஞ்ச கொக்கி மாதிரி அதுல மாட்டிக்கிட்டாத்தான் வெளிச்சத்த உணர்ற ரோடாப்சின் ஆகும். வெளிச்சம் பட்டதும் கொக்கி நிமிர்ந்துடும், அந்த வேகத்துல புரோட்டீன் உருவம் மாறி சிக்னல் கெளம்பும், அப்பறம் கொக்கி கழண்டுக்கும், அத பின்னாடி இருக்கற செல் அடுக்கு வாங்கி மறுபடி வளைச்சு அனுப்பணும். மத்தியான வெயில்ல இருந்து சினிமா ஹாலுக்குள்ள போனா சீட்டு தெரியாம தடவுறோமே, இருட்டு முழுசா பழக அரை மணி நேரம் ஆகறதுக்கு இந்த வளைக்கிற வேலைதான் பெரிய காரணம். அமெரிக்க விஞ்ஞானி ஜார்ஜ் வால்டுக்கு 1967ல நோபல் கெடச்சது இந்த விஷயத்துக்குத்தான்.

ஆப்சின் எத்தனை இருக்கோ அத்தனை கொக்கிதான் மாட்டும். மிச்ச மாத்திரை எல்லாம் ஈரல்ல போய் சேரும், ரொம்ப சேர்ந்தா தலைவலில ஆரம்பிச்சு ஈரலே கெட்டுப்போகும். கேரட்டு அப்படி இல்ல, அதுல இருக்கற கரோட்டின உடம்பு வேணுங்கற அளவுதான் வைட்டமின் ஏவா மாத்திக்கும், அதிகமானா உள்ளங்கை மஞ்சளாகும், அவ்ளோதான். ஆனா சக்கரைக்காரருக்கு தினமும் ஜூஸா? முருங்கைக்கீரைய எண்ணெய் விட்டு வதக்கி போடுங்க, கொழுப்பு இல்லாம கீரைல இருக்கற கரோட்டின் சரியா உள்ள போகாது. நம்ம மலேசியா செம்பனை எண்ணெய்லயே கரோட்டின் கொட்டிக் கெடக்கு, சுத்தம் பண்ணி வெளுக்கும்போது போயிடுது, சிவப்பா விக்கிறாங்களே அதுலதான் மிஞ்சும்.

சரி, அவரு சொல்றது மாலைக்கண்ணு மாதிரி தோணல. மாலைக்கண்ணுக்காரங்க மங்கல் வெளிச்சத்துல தடுமாறுவாங்க, லைட்டு பரவுதுன்னா இந்த வயசுல மொதல் சந்தேகம் கண்புரை, சக்கரை இருக்கறதால விழித்திரையையும் பாத்தே ஆகணும். கண்ல மருந்து ஊத்தி கண்பாப்பாவ விரிய வெச்சு பாப்பாங்க, சில மணி நேரத்துக்கு எல்லாம் மங்கலா இருக்கும், அதனால வர்றப்ப வண்டிய நீங்க ஓட்டுங்க, இல்ல கிராப் டாக்சி புடிங்க.