கேள்வி: ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊர்ப் பக்கம் வீடு. 3 ஃபேன், ஃப்ரிட்ஜ், டிவி, 1 ஹெச்.பி. மோட்டார் இருக்கிறது. கரண்ட் கட்டைச் சமாளிக்கக் கடையில் 5 கிலோவாட் சோலாரும் 4 பேட்டரியும் சொல்கிறார்கள். அவ்வளவு தேவையா?

பதில்: மோட்டாரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் தேவையே இல்லை. உங்களிடம் சொன்னவர் மோட்டாரை மனதில் வைத்துத்தான் சொல்லியிருப்பார். 1 ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய 1000 வாட் இழுக்கும். ஸ்டார்ட் ஆகிற நொடியில் அதைப்போல் சில மடங்கு கேட்கும். அந்த நொடிக்காகப் பெரிய இன்வெர்ட்டர், அதற்கு 48 வோல்ட், அதனால் 12 வோல்ட் பேட்டரி 4 என்று பில் ஏறிக்கொண்டே போகும். கரண்ட் இருக்கும்போதே டேங்க்கை நிரப்பிக்கொள்கிற வீட்டுக்கு இது எதற்கு?

நான் பெரியபட்டினத்துக்காரி. எலக்ட்ரீஷியன் இல்லை, எந்தக் கம்பெனிக்கும் ஆள் பிடிப்பவளும் இல்லை. எங்கள் வீட்டுக்குக் கணக்குப் போட்டவள், அவ்வளவுதான். கடையில், "ராத்திரிக்கு எத்தனை யூனிட் நிக்கும்?" என்று கேட்டேன். "வீட்ல ஆம்பளைங்க யாராவது இருந்தா பேசச் சொல்லுங்க" என்றார் கடைக்காரர். துபாயில் இருக்கும் காக்காவுக்கு (அண்ணனுக்கு) அங்கேயே ஃபோன் போட்டுக் கொடுத்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது, தங்கச்சிகிட்டயே பேசுங்க" என்று காக்கா வைத்துவிட்டார்.

கடைக்காரர் கொடுத்த கொட்டேஷனின் பின்பக்கத்திலேயே எழுதிக் காட்டினேன். பிஎல்டிசி ஃபேன் (கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை) 30 வாட், 3 ஃபேன், 10 மணி நேரம்: 900 வாட்-மணி. எல்இடி பல்பு 9 வாட்டில் ஐந்து, 5 மணி நேரம்: 225. டிவி, வைஃபை சேர்த்து 300. மொத்தம் 1425. ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட், அதாவது ஒன்றரை யூனிட்டுக்கும் கீழே. 12 வோல்ட் 150 ஏஹெச் (ஆம்பியர்-மணி) பேட்டரி என்றால் இரண்டையும் பெருக்கினால் 1800 வருகிறது. லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். பாதி 900, இன்வெர்ட்டர் தின்பது போக 800 என்று வையுங்கள். இரண்டு போட்டால் 1600. முடிந்தது கணக்கு. இதே வீட்டில் பழைய 75 வாட் ஃபேன் ஓடினால் ஃபேனுக்கு மட்டும் 2250 ஆகிவிடும். முதலில் ஃபேனை மாற்றுங்கள், அப்புறம் பேட்டரி கடைக்குப் போங்கள்.

ஃப்ரிட்ஜை ராத்திரிக் கணக்கில் சேர்க்கவில்லை. ஃப்ரீசரில் மீன் கிடக்கிறதே என்று உம்மாவுக்குக் கோபம். கதவைத் திறக்காமல் விட்டால் கீழ்த்தட்டு நாலு மணி நேரம் தாங்கும், ஃப்ரீசர் அதைவிடக் கூடுதலாகவே தாங்கும். திறந்து திறந்து பார்ப்பதுதான் பிரச்சினை.

லித்தியம் பேட்டரியில் 80 சதவீதம் வரை எடுக்கலாமே என்று கீழே எழுத வருவீர்கள். எடுக்கலாம், நாளும் கூட உழைக்கும். அன்றைக்கு என் கையில் இருந்த காசுக்கு டியூபுலர் என்கிற லெட் ஆசிட் வகைதான்.

இன்வெர்ட்டர் 2 கேவிஏ. அது 2000 வாட் இல்லை, 1600 சுமக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேனல் 540 வாட்டில் இரண்டு, தெற்குப் பார்த்து, 10 டிகிரி சாய்வு. நம் வெயிலுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட்டுக்குக் குறையாது. இவ்வளவு பெரிய பேனலுக்கு எம்பிபிடி (பேனல் தருகிற வாட்டை முடிந்தவரை முழுதாக எடுக்கும் சார்ஜர்) உள்ள இன்வெர்ட்டர்தான் சரி. பிடபிள்யூஎம் என்கிற சாதாரண சார்ஜர் என்றால் மூன்றில் ஒரு பங்கு வீண். வாடைக் காலத்தில் இதெல்லாம் செல்லாது. 2020 டிசம்பரில் புரெவி பாம்பன் பக்கம் வந்து நகராமல் நின்றதே, அந்த மாதிரி மூட்டத்தில் 5 கிலோவாட் போட்டவர் வீட்டிலும் பேட்டரி நிறையாது.

மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் மானியத்தில் (3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய்) போடலாம் என்றால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு மட்டும் சேர்கிற வெறும் ஆன்-கிரிட் என்றால் கரண்ட் போனதும் சோலாரும் நின்றுவிடும். லைனில் வேலை பார்க்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். கட்டணம் குறையும், ஃபேன் ஓடாது.

கடலோரத்தில் எதையும் தின்பது உப்புதான். போல்ட், நட்டு எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூத்தால் துடைத்து வாசலின் தடவுங்கள். இன்வெர்ட்டரைக் கடல் பார்த்த திண்ணையில் மாட்ட விடாதீர்கள், அதன் ஃபேன் உப்புக்காற்றை உள்ளே இழுக்கும்.

பேனல் கழுவுவதுதான் பெரிய பாடு. தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் மணலும் உப்பும் அப்பிக்கொள்ளும். போர் தண்ணீர் ஊற்றினால் காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. நல்ல தண்ணீர் வேண்டும், அதையோ நாங்கள் குடம் கணக்கில் வண்டியில் வாங்குகிறோம். குழாய் போட்டுத் தந்திருக்கிறார்கள், பார்க்க அழகாக இருக்கிறது. எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. வந்தால் நடுச்சாமத்தில் வரும். குடிக்கிற தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கி மாடியில் ஊற்றுகிறாள் என்று பக்கத்து வீட்டில் பேச்சு வேறு. இப்போது மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து மூடி வைக்கிறேன். அது தீர்ந்தால் ஈரத்துணிதான்.

கையெழுத்துப் போடும் முன் கொட்டேஷனில் ஒன்று பாருங்கள். மோட்டார், அயர்ன் பாக்ஸ் இரண்டையும் இன்வெர்ட்டர் லைனிலிருந்து பிரிக்கிற வயரிங் கூலி அதில் இருக்கிறதா? எங்களுக்கு வந்ததில் இல்லை. கேட்டபிறகுதான் சேர்த்தார்.