புதிய வீட்டுக்குக் குளியலறைக் குழாய்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? ஊரிலிருந்து வரும் பழைய தேக்குச் சாமான்களை எப்படிப் பராமரிப்பது?

சென்னைக்குத் தெற்கே, ஆழ்துளைக் கிணற்று நீரையே நம்பியிருக்கும் அடுக்ககத்தில் வீடு வாங்கியிருப்பதாகவும், குளியலறை வேலை இன்னும் முடியவில்லை என்றும், காரைக்குடிப் பக்கத்துப் பூர்வீக வீட்டிலிருந்து ஒரு தேக்குக் கட்டிலும் மர பீரோவும் கொண்டுவரவிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் கட்டுமானப் பணிகளில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். மரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தவை பெரும்பாலும் ஆசாரியாக இருந்த என் தாய்மாமாவிடம் கற்றுக்கொண்டவை. உங்கள் இரண்டு கேள்விகளையும் ஒரே பதிலில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. குழாயானாலும் கட்டிலானாலும் அதன் ஆயுளைத் தீர்மானிப்பது தண்ணீர்தான்: எத்தகைய தண்ணீர் வருகிறது, அது எங்கே படுகிறது, எங்கே தேங்குகிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு மற்ற முடிவுகள் எளிதாகிவிடும்.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன்பு தண்ணீரைப் பரிசோதித்துவிடுங்கள். பலர் கையில் ஒரு டி.டி.எஸ். மீட்டரை வைத்துக்கொண்டு அதில் வரும் எண்ணையே கடினத்தன்மை என்று நினைக்கிறார்கள். அந்தக் கருவி நீரில் கரைந்துள்ள மொத்த உப்புகளை மின்கடத்தும் திறனைக் கொண்டு கணக்கிடுகிறது. அவற்றில் கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு, சோடியம் எவ்வளவு என்று அது சொல்லாது. குழாயின் வாயில் வெள்ளைப் படிவம் கட்டுவது முன்னவற்றால். கடலோரத்து உவர்நீர் உலோகத்தை அரிப்பது அதிலுள்ள குளோரைடால். இரண்டும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்தி நீரைச் சோதித்துக்கொள்ளலாம். அறிக்கையில் மொத்தக் கடினத்தன்மை, குளோரைடு ஆகிய இரண்டு வரிகளையும் முதலில் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500, கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்பதை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாதபோது 600 மில்லிகிராமை உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. உங்கள் அளவு இந்த மேல் எல்லையை நெருங்கினால், குழாய்க்குச் செலவிடவிருக்கும் பணத்தில் ஒரு பகுதியை நீர் மென்மையாக்கும் கருவிக்கு ஒதுக்கும்படி அடுக்ககக் குடியிருப்போர் சங்கத்தில் பேசுவதே அறிவுடைமை.

அடுத்தது உலோகம். கடையில் எல்லாக் குழாய்களும் ஒரே மாதிரி பளபளக்கும். வேறுபாடு அந்தக் குரோம் பூச்சுக்கு அடியில் இருக்கிறது. நல்ல குழாயின் உடல் கனமான பித்தளை. மலிவானவற்றில் துத்தநாகக் கலவை இருக்கும். பூச்சு ஒரு புள்ளியில் விட்டாலும் அது பொரிப்பொரியாக எழும்பி, மரை இருக்கும் இடத்தில் உடைந்து, பாதி சுவருக்குள்ளேயே நின்றுவிடும். அதை வெளியே எடுக்க டைல்ஸை உடைக்க வேண்டிவருவதைப் பணியிடங்களில் அடிக்கடி பார்க்கிறேன். ஒரே அளவுள்ள இரண்டு குழாய்களை இரு கைகளிலும் எடுத்துப் பாருங்கள், எடை பேசும். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதனுடன் ஐ.எஸ். 8931 என்ற எண்ணும் இருக்கின்றனவா என்று கவனியுங்கள்; செப்புக் கலவையில் செய்த அலங்காரக் குழாய்களுக்கும், வெந்நீரையும் தண்ணீரையும் கலந்து தரும் மிக்சர்களுக்கும் உரிய தரநிலை அது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குவதானால் 304 தரம் வேண்டும். காந்தம் ஒட்டவில்லை, ஆகவே 304 என்று கடைக்காரர் நிரூபித்துக் காட்டுவார். நிக்கல் குறைந்து மாங்கனீசு கூடிய 202 தரத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது என்பதால் அந்தச் சோதனைக்குப் பொருளில்லை. விலைச்சீட்டில் தரத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் 304கூடப் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிப்பதுண்டு; அங்கே துண்டு மாட்டும் கம்பி, சோப்புத் தட்டு போன்றவற்றுக்கு மாலிப்டினம் சேர்ந்த 316 தரம் தாங்கும். துணி துவைக்கும் இடத்துக்கும் பால்கனிக்கும் பி.டி.எம்.டி. எனப்படும் கெட்டிப் பிளாஸ்டிக் குழாயே போதும். உவர்நீர் அதை ஒன்றும் செய்யாது.

குழாயின் உள்ளே இருக்கும் அடைப்பானையும் கேட்டு வாங்குங்கள். கால் சுற்றில் திறந்து மூடும் குழாய்களில் ஒன்றன்மேல் ஒன்று உரசி நகரும் இரண்டு செராமிக் வட்டுகள் இருக்கின்றன. ரப்பர் வாஷரைவிட அவை பல மடங்கு உழைக்கும், ஆனால் மணலைப் பொறுக்காது. ஆழ்துளைக் கிணற்று நீரில் வரும் நுண்மணல் வட்டில் ஒரு கீறலைப் போட்டுவிட்டால் எவ்வளவு இறுக்கினாலும் சொட்டும். ஆகவே மேல்நிலைத் தொட்டியிலிருந்து உங்கள் வீட்டுக்குள் இறங்கும் குழாயில், கழற்றிக் கழுவக்கூடிய ஒரு வடிகட்டியைப் பொருத்துங்கள். வாங்கப்போகும் மாடலுக்கு, இந்த வட்டுகள் அடங்கிய கார்ட்ரிட்ஜ் தனியாகக் கிடைக்குமா, உங்கள் ஊர்க் கடையிலேயே கிடைக்குமா என்று கேட்பது, அந்தக் குழாயின் வடிவத்தைப் பற்றி யோசிப்பதைவிட முக்கியம்.

நீரின் அழுத்தத்தை யாரும் கணக்கிடுவதில்லை என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். தொட்டியின் நீர்மட்டம் ஷவருக்கு மேலே எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, அந்த எண்ணைப் பத்தால் வகுத்தால் ஏறத்தாழ பார் கணக்கில் அழுத்தம் கிடைத்துவிடும். மேல்மாடி வீட்டுக்கு மூன்று மீட்டர் உயரமே இருக்கும் என்றால் அழுத்தம் 0.3 பார், அதே தொட்டியின் நீர்மட்டத்துக்குப் பத்து மீட்டர் கீழே ஷவர் உள்ள வீட்டுக்கு 1 பார் கிடைக்கும். அகலமான மழைப்பொழிவு ஷவர்களுக்கும் ஒற்றைக் கைப்பிடி மிக்சர்களுக்கும் பல நிறுவனங்கள் அரை பாருக்கும் மேலே குறைந்தபட்ச அழுத்தம் கேட்கின்றன. அது பெட்டியின் மேலோ உள்ளே இருக்கும் தாளிலோ அச்சிடப்பட்டிருக்கும். நீங்கள் மேல்மாடியில் இருந்தால், அழுத்தப் பம்பு வைக்காமல் அத்தகைய ஷவரை வாங்குவது வீண் செலவு. துளை நெருக்கமான சிறிய ஷவரே நன்றாகப் பொழியும்.

சுவருக்குள் போகும் பொருள்களில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். வெளியே தெரியும் குழாயை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், நீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிடும், உள்ளே புதைந்த டைவர்ட்டரை டைல்ஸை உடைக்காமல் மாற்ற முடியாது. அந்த டைவர்ட்டரின் உடலைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மூடியில் குறைந்தபட்ச ஆழம், அதிகபட்ச ஆழம் என இரண்டு கோடுகள் இருக்கும். சிமென்டுப் பூச்சும் டைல்ஸும் சேர்ந்த பிறகு சுவரின் முகம் அந்த இரு கோடுகளுக்கு நடுவில் வந்து நிற்க வேண்டும். இதைக் கவனிக்காமல் கொத்தனார் பூசிவிட்டால், கைப்பிடி உள்ளே அமிழ்ந்துவிடும் அல்லது வெளியே துருத்தி நிற்கும். வெந்நீருக்கு சி.பி.வி.சி. போன்ற சூடு தாங்கும் குழாய்தான் போட வேண்டும்; ஒட்டிய மூட்டுகள் ஒரு நாள் முழுக்கக் காய்ந்த பிறகு, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பு, அழுத்தம் ஏற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள். அந்தச் சமயத்தில் அளவு நாடாவைச் சுவரில் விரித்து வைத்து ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வைத்துக்கொள்வது, பிற்காலத்தில் கண்ணாடி மாட்டத் துளை போடும்போது குழாயைக் காப்பாற்றும். கழிப்பறைக் கோப்பை வாங்குவதற்கு முன், கழிவு தரை வழியே போகிறதா சுவர் வழியே போகிறதா என்று பார்த்து, டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்து துளையின் நடு வரையிலான தூரத்தை அளந்துகொள்ளுங்கள்.

நிறத்தைப் பற்றி ஒரே சொல்: கடினநீர் வீட்டில் கறுப்புக் குழாய் வேண்டாம், ஒவ்வொரு துளியும் வெள்ளை வட்டமாகக் காய்ந்து நிற்கும். ஹெல்த் ஃபாசெட்டை முடித்தவுடன் அதன் கீழுள்ள ஆங்கிள் வால்வை மூடும் பழக்கத்தை வீட்டில் எல்லாருக்கும் ஏற்படுத்துங்கள். எப்போதும் அழுத்தம் தாங்கி நிற்கும் அந்த மெல்லிய குழல் ஆளில்லாத நேரத்தில் வெடித்தால் வீடே நனைந்துவிடும், ஊரிலிருந்து வந்த கட்டில் உட்பட.

சுத்தம் செய்வதில் நம் வீடுகளில் நடக்கும் பெருங்கேடு ஆசிட். டைல்ஸ் கறைக்காக விற்கப்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் குரோம் பூச்சைக் கரைத்துவிடும். நேராகப் படவேண்டும் என்பதுகூட இல்லை, மூடி சரியாக இறுகாத பாட்டிலிலிருந்து கசியும் ஆவியே ஸ்டீல் பொருள்களைப் பழுப்பாக்கும். அதைப் பிளீச்சிங் பவுடருடன் சேர்த்தால் நச்சான குளோரின் வாயு எழும், உயிருக்கே ஆபத்து. படிவம் கட்டிய ஷவரின் தலையில், வினிகரும் வெந்நீரும் கலந்த ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டி அரை மணி நேரம் விட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினால் போதும். குழாய் முனையில் உள்ள வலைத்தகட்டையும் கழற்றி அதிலேயே ஊறவைக்கலாம். வினிகரை இரவு முழுக்க விடக்கூடாது, மார்பிள் மேல் சிந்தவும் கூடாது. அன்றாடம் குளித்து முடித்ததும் ஒரு துணியால் குழாயைத் துடைத்துவிட்டால் இந்த வேலைக்கே அவசியம் குறையும்.

குளியலறையில் மரம் வேண்டுமா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். கை கழுவும் தொட்டியின் கீழே அலமாரி செய்வதானால், ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட்டில் செய்யுங்கள். அந்தத் தரத்துக்கு உரிய ஒட்டு 72 மணி நேரம் கொதிநீரில் வைத்தும் பிரியாதிருக்க வேண்டும். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையும் துகள்பலகையும் ஒரு முறை நீர் குடித்து ஊதினால் மீண்டும் பழைய வடிவத்துக்கு வராது. எதில் செய்தாலும் அலமாரி தரையைத் தொடக்கூடாது. வெட்டிய ஓரங்கள், குழாய் போவதற்காகப் போட்ட ஓட்டையின் உள்விளிம்பு ஆகியவற்றையும் பெயின்ட் அடித்து மூட வேண்டும். கதவுக்கு டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) அல்லது எஃப்.ஆர்.பி. (இழை சேர்த்த பிளாஸ்டிக்) நல்லது.

இனி உங்கள் தேக்குச் சாமான்கள். முதலில் அவற்றின் மேல் என்ன பாலிஷ் இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். பீரோவின் பின்புறம் கண்ணில் படாத ஓரிடத்தில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை ஒற்றிப் பாருங்கள். பிசுபிசுவென்று இளகி, பஞ்சில் பழுப்பு நிறம் ஏறினால் அது அரக்கில் செய்த ஸ்பிரிட் பாலிஷ். பழைய சாமான்களில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். அப்படியானால் சானிடைசரும், வாசனைத் திரவியமும், ஸ்பிரிட் கலந்த கண்ணாடித் துடைப்பானும் அதன்மேல் படவே கூடாது. சூடான டம்ளர் வைத்த வெள்ளை வளையமும் அந்த அரக்குப் படலத்துக்குள் புகுந்த ஈரம்தான், மரம் கெட்டுவிட்டதாகப் பொருளில்லை. பாலிஷ் தெரிந்தவர் ஸ்பிரிட் லேசாகத் தொட்ட துணியை மேலோட்டமாக ஓட்டினாலே அது மறைந்துவிடும். இதற்காகச் சாமானை முழுக்கச் சுரண்டிப் புதிதாக பி.யு. (பாலியூரிதேன்) பாலிஷ் அடிக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள். பல தலைமுறையாக ஏறிய அந்தச் செந்நிறத்தை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டால் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

காரைக்குடியின் வறண்ட காற்றிலிருந்து கடலோரத்துக்கு வரும் மரம் ஈரத்தை ஏற்றுக்கொண்டு சற்று ஊதும். நீளவாக்கில் அது ஏறக்குறைய மாறாது, அகலவாக்கில்தான் விரியும், சுருங்கும். இதைத் தெரிந்தே பழைய ஆசாரிகள் பீரோக் கதவின் நடுப்பலகையைச் சட்டத்தின் காடியில் ஒட்டாமல் மிதக்கவிட்டிருப்பார்கள். கதவைத் தட்டினால் அந்தப் பலகை மெல்ல ஆடுவதை நீங்கள் கேட்கலாம். அது தளர்வு என்று நினைத்து ஃபெவிகாலோ ஆணியோ வைத்து இறுக்கிவிட்டால், அடுத்த கோடையில் சுருங்க இடமில்லாமல் பலகை நடுவில் பிளக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இழுப்பறை இறுகினாலும் உடனே இழைப்புளி போடச் சொல்லாதீர்கள். அப்போது சீவினால் பங்குனியில் லொடலொடவென்று ஆடும். ஓடும் விளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டு, கோடையிலும் இறுகினால் மட்டும் சீவலாம். ஏ.சி. காற்று நேராக வீசும் இடத்திலும், மேற்கு வெயில் விழும் சன்னலோரத்திலும், குளியலறையோடு ஒட்டிய ஈரச்சுவரிலும் சாமானை வைக்க வேண்டாம். சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்தால் பின்புறம் காற்றோடும், கரையான் ஏறினாலும் கண்ணில் படும்.

கட்டிலுக்கு அன்றாடம் நேரும் தீங்கு தரை துடைக்கும் ஈரத்துணியால் வருவது. காலின் அடிப்பகுதி குறுக்காக அறுபட்ட முகம் என்பதால், திரி எண்ணெயை இழுப்பதுபோல நீரை மேலே இழுக்கும். வீட்டுக்குள் ஏற்றுவதற்கு முன்பே கட்டிலைக் கவிழ்த்து, கால்களின் அடியில் உருக்கிய தேன்மெழுகைத் தடவி ரப்பர் புஷ் மாட்டிவிடுங்கள்.

துடைக்க உலர்ந்த பருத்தித் துணி போதும். தேங்காய் எண்ணெய் பூசும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அது காயாது, தூசியைப் பிடித்துக்கொண்டு பிசுக்காகும், பிறகு சிக்கடிக்கும். சிலிகான் கலந்த ஸ்பிரேக்களும் வேண்டாம், பின்னால் பாலிஷ் போட்டால் அங்கங்கே ஒட்டாமல் விலகும். வருடத்துக்கு ஓரிரு முறை தேன்மெழுகு பாலிஷை மிக மெல்லிதாகத் தடவித் தேய்த்தால் நிறைவாக இருக்கும். பாலிஷே இல்லாத வெறும் மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் நல்லது, ஏனெனில் அது காயும். ஆனால் காயும்போது வெப்பத்தை வெளியிடும். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டால் தானாகவே தீப்பற்றக்கூடும். தண்ணீரில் நனைத்தோ, வெளியே தனியாக விரித்துக் காயவைத்தோ அப்புறப்படுத்துங்கள்.

லாரியில் ஏற்றுவதற்கு முன்பு இன்னொரு வேலை இருக்கிறது. தேக்கின் வைரம் பாய்ந்த பகுதியைப் பூச்சிகள் எளிதில் தொடாது, ஆனால் ஓரங்களில் விட்டிருக்கும் வெளிர்நிற வெள்ளைப் பகுதியையும், பீரோவின் பின்பலகைக்குப் போட்ட மட்டமான மரத்தையும் துளைக்கும். சாமானை நன்றாகத் துடைத்து, அடியில் கறுப்புத் தாள் விரித்து, இரண்டு மூன்று வாரம் விட்டுப் பாருங்கள். மாவுபோல நுண்ணிய தூள் உதிர்ந்திருந்தால் உளுக்கும் வண்டு இப்போதும் உள்ளே இருக்கிறது. மண்பூச்சாகக் கோடு ஏறியிருந்தால் அது கரையான். தூள் கண்ட பலகையை அங்கேயே மாற்றியோ மருந்து செலுத்தியோ முடித்துவிட்டு, மறுபடியும் தாள் விரித்துப் பார்த்து, அது சுத்தமாக இருந்தால் மட்டும் சென்னைக்கு ஏற்றுங்கள்.