தாத்தாவின் மவுசரா, புதிய ரைபிளா? வேட்டைக்காலக் கேள்வி-பதில்

மே மாதம் நெருங்கிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒன்றையே கேட்கின்றன: பழைய துப்பாக்கியை வைத்துக்கொள்வதா, புதியது வாங்குவதா? இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

காலமான தாத்தாவின் மவுசர் ரைபிள் (7×57 அளவுத் தோட்டா போடுவது) வீட்டில் இருக்கிறது. 1896 என்ற ஆண்டும் ஓ.வி.எஸ். என்ற எழுத்துகளும் பொறித்திருக்கின்றன. இதைக் கொண்டே இம்பாலா மான் வேட்டைக்குப் போகலாமா? (வெருலம் வாசகர்)

முதலில் சட்டத்தைக் கவனியுங்கள். தாத்தாவின் உரிமத்தில் நீங்கள் அதைத் தூக்கிச் செல்ல முடியாது. உங்களுக்குத் தகுதிச் சான்றிதழும், உங்கள் பெயரில் உரிமமும் வர வேண்டும். அதுவரை, சொத்தை நிர்வகிப்பவர் அதை உரிமம் பெற்ற வியாபாரி ஒருவரின் பாதுகாப்பில் வைப்பது நல்லது.

அந்த மூன்று எழுத்துகள் ஆரஞ்சு சுதந்திர நாட்டைக் குறிப்பவை. 1899 முதல் 1902 வரை பிரிட்டிஷாரை எதிர்த்து நடந்த போரில் போயர்கள் (டச்சு வழிவந்த குடியேறிகள்) ஏந்திய துப்பாக்கி இது. தயவுசெய்து தொலைநோக்கி பொருத்துவதற்காக அதில் துளை போடாதீர்கள். போட்ட துளையை அடைக்கலாம், போன சரித்திரத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

சுட முடியுமா என்றால், முடியும். ஆனால் 1898 மவுசர் மாதிரியின் போல்ட்டில் (தோட்டாவை அறைக்குள் தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டில்) பின்பக்கம் உள்ள மூன்றாவது காப்புப் பல் இதில் கிடையாது. ஆகவே அழுத்தம் மிகுந்த நவீனத் தோட்டாக்கள் வேண்டாம். அனுபவமுள்ள கைவினைஞர் ஒருவர் தோட்டா அறையை அளந்து பார்க்கட்டும். அவர் சரி என்றால், அழுத்தம் குறைந்த தோட்டாவோடு சுலுலாந்து முள்காட்டில் 80 மீட்டருக்குள் நிற்கும் இம்பாலாவுக்கு இது தாராளமாகப் போதும். இரும்புக் குறிமுள்ளில் உங்கள் கண் தெளிவாகப் பார்க்கிறதா என்பதை மட்டும் சோதித்துக்கொள்ளுங்கள். தெளிவில்லை என்றால் இதைச் சுடும் திடலோடு நிறுத்திக்கொண்டு, காட்டுக்கு வேறொன்றை எடுத்துச் செல்லுங்கள்.

ரைபிளில் குழலைத் தாங்கும் வால்நட் மரக் கட்டையின் அழகு எனக்குப் பிடிக்கும். நண்பர்களோ பிளாஸ்டிக் கட்டைதான் சிறந்தது என்கிறார்கள். யார் சொல்வது சரி? (டொங்காட் வாசகர்)

இந்தக் கேள்விக்கு என் அனுபவத்திலிருந்தே பதில் சொல்ல வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் டர்பன் அருகே ஒரு திடலில் என் வால்நட் ரைபிளுக்குக் குறி சரிசெய்துவிட்டு, கரூ சமவெளிக்கு ஸ்பிரிங்பொக் மான் வேட்டைக்குப் போனேன். அங்கே போய் மீண்டும் ஒருமுறை காகிதத்தில் சுட்டுப் பார்க்கவில்லை. 180 மீட்டரில் தோளுக்குக் குறிவைத்தேன். குண்டு வயிற்றில் பட்டது. மூன்று மணி நேரம் நடந்தோம். தடம் பார்க்க வந்தவர் ஒரு கல்லின் மேல் பொட்டளவு ரத்தத்தைக் காட்டிய பிறகுதான் வழி தெரிந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் அதன் வேதனையை முடித்தேன். மறுநாள் காலை காகிதத்தில் சுட்டபோது 100 மீட்டரில் குண்டு 9 சென்டிமீட்டர் இடப்பக்கம் விழுந்தது.

கடற்கரையின் ஈரக்காற்றை உறிஞ்சி ஊறியிருந்த மரம், கரூவின் வறட்டுக் காற்றில் சுருங்கி முறுக்கிக்கொண்டு குழலை ஒரு பக்கமாக அழுத்தியிருக்கிறது. சுடும்போது குழல் அதிரும். அந்த அதிர்வை மரம் தொட்டால் குண்டின் போக்கு மாறும்.

ஒரு பத்து ராண்ட் நோட்டை எடுத்து, குழலுக்கும் கட்டைக்கும் நடுவே முனையிலிருந்து உள்ளே தள்ளுங்கள். தடையில்லாமல் தோட்டா அறைப்பக்கம் வரை போனால் நல்லது. சிக்கினால், சிக்குகிற இடத்தில் மரம் தொடுகிறது. (லீ என்ஃபீல்டு .303 ரைபிள் வைத்திருப்பவர்கள் கவனிக்க: அதில் கட்டை முனையில் குழலைத் தாங்கும்படியே வடிவமைத்திருக்கிறார்கள். அதைச் சுரண்டிவிடாதீர்கள்.)

டொங்காட்டில் வீடு, கடற்காற்றில் உப்பு. எனவே உங்களுக்கு என் பரிந்துரை துருப்பிடிக்காத எஃகுக் குழலும், மெல்லிய மர அடுக்குகளை ஒட்டிச் செய்த கட்டையும். மரத்தின் அழகும் இருக்கும், வளைவும் குறையும். மலிவான பிளாஸ்டிக் கட்டையிலும் குறை உண்டு. சுடும்போது ரைபிளைத் தாங்கும் கழியில் சாய்த்து அழுத்தினால் முன்பகுதி வளைந்து குழலைத் தொடும். வால்நட்டை விட மனமில்லை என்றால் கட்டையின் உட்புறத்துக்கும், தோளில் படும் ரப்பருக்கு அடியிலும் எண்ணெய் பூசி அடைத்துவையுங்கள். வேட்டைக்களத்தில் இறங்கியதும் மூன்று குண்டு காகிதத்துக்கு.

எந்தத் தோட்டா அளவுக்கான ரைபிள் வாங்குவது: 6.5 கிரீட்மோரா, .308-ஆ, .30-06-ஆ? (சாட்ஸ்வொர்த் வாசகர்)

2007இல் வந்தது முதலாவது, 1952இல் வந்தது இரண்டாவது, 1906இல் வந்தது மூன்றாவது. மூன்றுமே இம்பாலா, நியாலா மான்களை ஒரே குண்டில் சாய்க்கும். தோளில் உதை குறைவு என்பதால் புதிதாகப் பழகுகிறவருக்கு 6.5 நல்லது. 200 கிலோவைத் தாண்டும் ஆண் குடு மானைத் தேடிப் போகிறவர் கனமான குண்டுள்ள .30-06 எடுக்கட்டும். எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்பவருக்கு .308. அதன் குறியை 100 மீட்டரில் சரிசெய்தால் குண்டு 200 மீட்டரில் சுமார் 10 சென்டிமீட்டர் தாழும். அதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

மவுசர் முறையில் தோட்டாவை நகம் பிடித்து ஏற்றும் போல்ட் அவசியமா? (லெனேசியா வாசகர்)

எருமை வேட்டைக்கு நான் அதைத்தான் கேட்பேன். பதற்றத்தில் போல்ட்டை அரைகுறையாக இழுத்துத் தள்ளினாலும் இரண்டு தோட்டா மோதி அடைத்துக்கொள்ளாது. மான் வேட்டைக்கு எந்த முறையும் போதும்.

மகனுக்கு 19 வயது. அவன் பெயரில் புதிய ரைபிள் வாங்கலாமா? (பீனிக்ஸ் வாசகி)

உரிமத்துக்குப் பொதுவாக 21 வயது நிரம்ப வேண்டும், அம்மா. அதுவரை உரிமம் உள்ள பெரியவர் அருகிலேயே நின்று மேற்பார்க்க, அவருடைய ரைபிளில் பழகலாம். இந்த இரண்டு ஆண்டுகளும் அவனுக்கு நல்ல வாய்ப்பு. மூன்று கால் கழியில் சாய்த்து, நின்றபடியும் உட்கார்ந்தபடியும் சுட்டுப் பழகட்டும். ரைபிளுக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைத் தெளிவான தொலைநோக்கிக்கும், மற்றொரு பகுதியைச் சட்டம் கேட்கும் தரமுள்ள இரும்புப் பெட்டிக்கும் இப்போதே எடுத்து வையுங்கள். உரிமம் தருவதற்கு முன் அந்தப் பெட்டியை வந்து பார்ப்பார்கள்.