என்95 மாஸ்க்கைச் சோப்புப் போட்டுத் துவைக்கலாமா?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். ஜன்னல் திறக்காத ஹால், ஷிப்ட் 8 மணி நேரம். இதுவரை கம்பெனியில் கொடுத்த பனியன் துணி மாஸ்க்தான் போட்டேன். இப்போது மெடிக்கல் ஷாப்பில் காதில் மாட்டும் என்95 ஒன்று வாங்கி, வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்துப் போடுகிறேன். மூக்குக் கண்ணாடியில் ஓயாமல் ஆவி படிகிறது. ‘கொரோனா வைரஸ் அந்தத் துணி ஓட்டையைவிடச் சின்னது, மாஸ்க் போட்டு என்ன பிரயோஜனம்’ என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். வீட்டில் 68 வயது அப்பாவுக்கு சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) இருக்கிறது, இன்ஹேலர் எடுக்கிறார். மாஸ்க் போட்டால் ஆக்சிஜன் குறையும் என்று பயப்படுகிறார். 4 வயதில் மகள் இருக்கிறாள். யார் எந்த மாஸ்க்கைப் போடுவது?

பதில்: துவைப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே துவைத்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள்.

என்95 மாஸ்க்கை வெட்டிப் பார்த்தால் உள்ளே பல அடுக்குகள் இருக்கும். வெளி அடுக்கும் உள் அடுக்கும் வடிவத்துக்கும் தாங்கலுக்கும்தான். வேலை செய்வது நடுவில் இருக்கும் ‘மெல்ட்புளோன்’ அடுக்கு. பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்கை உருக்கிச் சூடான காற்றில் ஊதி, பஞ்சுமிட்டாய் போல மெல்லிய இழைகளாக்கி அதைச் செய்கிறார்கள். அந்த இழைகளில் நிலைமின்னூட்டமும் ஏற்றியிருப்பார்கள். தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதுபோல, பக்கத்தில் வரும் துகளை அது இழுத்துப் பிடிக்கும். சோப்பும் ஆல்கஹாலும் பட்டால் அந்த மின்னூட்டம் போய்விடும். மாஸ்க் பார்ப்பதற்குப் பழையபடியே இருக்கும், மூச்சும் முன்னைவிடச் சுலபமாகக்கூட வரும், ஆனால் வடிகட்டும் திறன் வெகுவாகக் குறைந்திருக்கும். சானிடைசர் தெளிப்பது, குக்கரில் வைப்பது, இஸ்திரி போடுவது எல்லாமே இதே ரகம்தான்.

உங்கள் நண்பர்கள் சொல்லும் ‘ஓட்டை’ கணக்குக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. மாஸ்க் சல்லடை அல்ல. 0.1 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) அளவுள்ள வைரஸ், நேராகக் கோடு போட்டதுபோல் பறந்து வருவதில்லை. காற்று மூலக்கூறுகள் மோதி மோதி அதைத் தள்ளாட வைக்கும், அந்தத் தள்ளாட்டத்தில் ஏதாவது ஓர் இழையில் இடித்து ஒட்டிக்கொள்ளும். பெரிய துகளோ இழைகளுக்கு நடுவே வளைந்து திரும்ப முடியாமல் நேராகப் போய் மோதும். இரண்டிலும் சேராத நடுத்தர அளவு, அதாவது ஏறக்குறைய 0.3 மைக்ரான்தான் பிடிப்பதற்குக் கடினம். அதனால்தான் அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் அந்த அளவுத் துகளை வைத்தே சோதிக்கிறது. நிமிடத்துக்கு 85 லிட்டர் வீதம் காற்றைச் செலுத்தி, 95 சதவீதமாவது பிடித்தால்தான் என்95 என்ற பெயர் கிடைக்கும். இன்னொன்று, நோயாளி வெளியே விடும் வைரஸ் எச்சில் துளியிலும் ஈரத் துகளிலும் ஏறித்தான் வருகிறது. அதனால் அதன் அளவு இன்னும் பெரிது.

அப்படியென்றால் நீங்கள் வாங்கியது அசல்தானா? என்95 என்பது நயோஷ் கொடுக்கும் பெயர். அதன் அனுமதி பெற்றவற்றில் இரண்டு பட்டைகளும் தலையைச் சுற்றித்தான் போகும், காதில் மாட்டுவதற்கு அந்த அனுமதி கிடையாது. எனவே ‘நயோஷ்’ என்று அச்சடித்துக் காதுப் பட்டையும் வைத்திருந்தால் அது போலி. நம் நாட்டுத் தரம் ஐஎஸ் 9473. அதில் எஃப்எஃப்பி2 என்று வரும் வகை ஏறக்குறைய என்95க்குச் சமம், குறைந்தது 94 சதவீதம் வடிகட்ட வேண்டும். மாஸ்க்கிலோ அட்டைப்பெட்டியிலோ ஐஎஸ்ஐ முத்திரையும் சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் (பிஐஎஸ்) ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருளுக்கு வாங்கிய உரிமம் என்று காட்டிவிடும். இரண்டு நிமிட வேலைதான். எந்த எழுத்தும் இல்லாமல் பாலிதீன் கவரில் கட்டாகத் தொங்குவதைத் தொடவே வேண்டாம். முன்னால் வட்டமாக வால்வு வைத்ததும் வேண்டாம். அந்த வால்வு, நீங்கள் விடும் மூச்சை வடிகட்டாமல் வெளியே அனுப்பிவிடும். உங்களுக்குத் தொற்று இருந்தால் அது நேராக எதிரில் இருப்பவருக்குப் போகும். 2020 ஜூலையிலேயே மத்திய சுகாதாரத் துறை இதை எச்சரித்துக் கடிதம் எழுதியது.

இனி, எல்லாரும் கோட்டைவிடும் இடத்துக்கு வருவோம். உங்கள் கண்ணாடியில் படியும் ஆவி சும்மா வரவில்லை. மாஸ்க்கின் மேல் விளிம்பில், மூக்குக்குப் பக்கத்தில் திறப்பு இருக்கிறது என்று அது காட்டிக் கொடுக்கிறது. வெளியே போகிற வழியில்தான் உள்ளேயும் வரும். காற்று எப்போதும் எளிதான பாதையைத்தான் தேடும். வடிகட்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பக்கத்தில் சந்து கிடைத்தால் வடிகட்டியை விட்டுவிட்டுச் சந்து வழியாகவே நுழையும். விலை உயர்ந்த மாஸ்க்கைத் தொளதொளவென்று போடுவதைவிட, சாதாரண மாஸ்க்கை முகத்தோடு ஒட்டப் போடுவது மேல் என்பேன்.

போடும்போது கையைக் கழுவிவிட்டு ஆரம்பியுங்கள். மாஸ்க்கின் கீழ் விளிம்பை முகவாய்க்கு அடியில் கொண்டுவந்து, மேல் விளிம்பை மூக்குத் தண்டின்மேல் வையுங்கள். தலைப் பட்டை உள்ளதென்றால் மேல் பட்டை உச்சந்தலைக்குப் பின்புறம், கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே பிடரியில். இரண்டையும் குறுக்கே மாற்றிப் போடாதீர்கள், பக்கவாட்டில் மடிப்பு விழும். கொண்டை போட்டால், பட்டை அதன்மேல் ஏறி நழுவாத உயரத்தில் போடுங்கள். பிறகு மூக்குக் கம்பி. பலரும் இதை ஒரு கையால் கிள்ளுகிறார்கள். அப்படிக் கிள்ளினால் கம்பி கூம்பாக மடங்கி இரண்டு பக்கமும் சந்து விழும். இரண்டு கை ஆள்காட்டி விரல்களையும் நடுவில் வைத்து, மூக்கின் வளைவோடு கன்னம்வரை அழுத்திக்கொண்டே போங்கள்.

முடித்ததும் இரு கைகளாலும் மாஸ்க்கை லேசாக மூடிக்கொண்டு மூச்சை வேகமாக வெளியே விடுங்கள். கண்ணோரத்திலோ கன்னத்திலோ காற்று பட்டால் அந்த இடத்தில் சரியாகப் படியவில்லை. பின் மூச்சை உள்ளே இழுங்கள், மாஸ்க் லேசாக உள்வாங்க வேண்டும். காதுப் பட்டை தளர்வாக இருந்தால் இரண்டு பட்டைகளையும் பிடரியில் இணைக்கும் சின்னக் கொக்கி கடையில் கிடைக்கும். மூக்குக் கண்ணாடியை மாஸ்க்கின் மேல் விளிம்புக்கு மேலே உட்காரும்படி போடுங்கள். அப்படியும் ஆவி வந்தால் மேல் விளிம்பில் தோலில் ஒட்டும் மருத்துவக் காகித டேப்பான மைக்ரோபோர் டேப் ஒரு துண்டு ஒட்டலாம். கண்ணாடியைச் சோப்பு நீரில் கழுவித் தானாக உலரவிட்டால் ஆவி படிவது குறையும் என்பதும் உண்மைதான். ஆனால் அது அந்த இடைவெளியை அடைக்காது, மறைக்க மட்டும் செய்யும். வீட்டில் ஆண்களுக்கும் சொல்லிவிடுங்கள், விளிம்புக்கு அடியில் தாடி வந்தால் எந்த என்95-ம் ஒட்டாது.

கம்பெனியில் கொடுத்த பனியன் துணி மாஸ்க்கைப் பற்றி உங்களுக்கே தெரிந்திருக்கும். பின்னல் துணியை இழுத்தால் அதன் ஓட்டைகள் விரியும், முகத்தில் மாட்டும்போது நடப்பதும் அதேதான். நெருக்கமாக நெய்த காட்டன் மூன்று அடுக்காக இருந்தால் பரவாயில்லை. பனியன் மாஸ்க்கை வீணாக்க வேண்டாம், உள்ளே சர்ஜிகல் மாஸ்க் போட்டு அதன்மேல் இதைப் போடுங்கள். வடிகட்டும் வேலையைச் சர்ஜிகல் பார்த்துக்கொள்ளும், பனியன் துணி அதன் ஓரத்தை முகத்தோடு அழுத்திப் பிடிக்கும். சர்ஜிகல் மாஸ்க் ஒன்றின்மேல் இன்னொன்று போடுவதில் பயன் குறைவு, இரண்டுக்கும் சந்து ஒரே இடத்தில்தான். என்95-க்கு அடியில் எதையும் போடக் கூடாது, ஒட்டுதல் கெட்டுவிடும்.

ஜன்னல் திறக்காத ஹாலில் எட்டு மணி நேரம் உட்காரும் உங்களுக்கு என்95 வகைதான் சரி. பஸ்ஸிலும் அதுவே. வியர்வையில் நனைந்தால் மூச்சு விடுவது சிரமமாகி, உங்களை அறியாமலேயே கை அதை இழுத்து விடும். அதனால் பையில் இன்னொன்று இருக்கட்டும். சர்ஜிகல் என்றால் 6 மணி நேரத்திலோ, அதற்கு முன் நனைந்தாலோ மாற்ற வேண்டும். உண்மையில் எனக்குக் கவலை உங்கள் சாப்பாட்டு இடைவேளைதான். காலையிலிருந்து ஒழுங்காக மாஸ்க் போட்டவர்கள் எல்லாரும் சின்ன அறையில் கழற்றி வைத்துவிட்டு எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள். முடிந்தால் வெளியே மரத்தடியில், இல்லாவிட்டால் ஆளுக்கொரு நேரமாகச் சாப்பிடுங்கள். அப்போது மாஸ்க்கை முகவாயில் இறக்கிவிடாமல், பட்டையைப் பிடித்துக் கழற்றிக் காகிதக் கவரில் வையுங்கள்.

தினமும் புதிது வாங்கக் கட்டுப்படியாகாது என்பது தெரியும். ஐந்து மாஸ்க் வாங்கி, திங்கள் முதல் வெள்ளி வரை கிழமை எழுதிய ஐந்து காகிதக் கவர்களில் வையுங்கள். பயன்படுத்தியதை அந்தந்தக் கவரில் போட்டு நிழலில், காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டால் அடுத்த வாரம் அதே கிழமையில் எடுத்துப் போடலாம். பிளாஸ்டிக் கவரில் வைத்தால் ஈரம் நிற்கும். ஒவ்வொன்றையும் ஐந்து தடவைக்கு மேல் போட வேண்டாம். அதற்கு முன்பே பட்டை தளர்ந்தாலோ, கம்பி உடைந்தாலோ, அழுக்குப் படிந்தாலோ கழித்துவிடுங்கள். எறியும் முன் வெட்டி, காகிதக் கவரில் 72 மணி நேரம் வைத்துவிட்டு உலர்குப்பையில் போடுங்கள். தூய்மைப் பணியாளர் வெறுங்கையால் எடுப்பார் என்பதை நினைவில் வையுங்கள்.

மகளுக்கு மாஸ்க் வேண்டாம். 5 வயதுவரை தேவையில்லை என்று 2021 ஜூனில் மத்திய அரசின் வழிகாட்டுதலே சொன்னது.

அப்பாவின் பயத்தில் பாதி சரி. ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் இந்த இழைகளின் இடைவெளிக்கு முன்னால் மிக மிகச் சிறியவை, மாஸ்க் அவற்றைத் தடுக்காது. ஆனால் காற்றை இழுக்கக் கொஞ்சம் கூடுதல் முயற்சி வேண்டும். நுரையீரல் ஏற்கெனவே களைத்தவருக்கு அது தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நன்றாகப் படியும் சர்ஜிகல் மாஸ்க் போதும், என்95 வேண்டுமா என்பதை அவருடைய நுரையீரல் மருத்துவர் சொல்லட்டும். யாருக்கும் காய்ச்சலோ இருமலோ இல்லாத நாளில் வீட்டுக்குள் அவர் மாஸ்க் போட வேண்டியதில்லை. கம்பெனியிலிருந்து வரும் நீங்கள் அவர் பக்கத்தில் உட்காரும்போது போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். அவர் நன்றாக இருக்கும் நாளில் ஆக்ஸிமீட்டரில் (விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவி) என்ன எண் வருகிறது என்று எழுதி வையுங்கள். சிஓபிடி உள்ளவர்களுக்கு அது மற்றவர்களைவிடக் குறைவாக இருக்கலாம், ஒப்பிட அவருடைய சொந்த எண்தான் உதவும். மாஸ்க்கோடு மூச்சு வாங்கினால் ஆட்களைவிட்டு விலகி, திறந்த இடத்தில் கழற்றி உட்காரவைத்து இன்ஹேலரைக் கொடுங்கள். கழற்றிய பிறகும் மூச்சு அடங்காவிட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, எண் வழக்கத்தைவிட இறங்கினாலோ 108-ஐ அழையுங்கள்.